தோட்டம் என்றால் எந்தத் தோட்டம்?

கேள்வி: கொழும்பிலிருந்து சமூகப்பணி டிப்ளோமாவுக்குப் படிப்பிக்கிறேன். வவுனியா, மட்டக்களப்பு, ஹட்டன் நிலையங்களில் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமைகளில் சூம் வகுப்பு. 30 பேரில் 25 பேர் கேமராவை மூடிவிடுகிறார்கள். மற்றவர் பேசுவதைக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடத்தில் நான் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறேன். என்ன செய்யலாம்?
விரிவுரையாளர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: முதலில் அந்தக் கேமரா விஷயத்தை விட்டுவிடுங்கள். பாதிப் பேருக்கு அது டேட்டாக் கணக்கு. அப்புறம், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயன் அறையில் (வரிசை வீட்டின் ஒற்றை அறையில்) ஆறு பேருக்கு நடுவில் ஒரு போனோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை கேமராவைத் திறந்தால் வீடு முழுவதும் வகுப்புக்கு வந்துவிடும். சமூகப்பணி படிப்பிக்கிற நாமே இதை யோசிக்காவிட்டால் எப்படி?

2020 ஊரடங்கில் எனக்கும் இதே கூத்துத்தான். ஒருநாள் மைக்கை மூடியபடியே இருபது நிமிஷம் பேசியிருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை! அதற்குப் பிறகுதான் விரிவுரையைப் பதினைந்து நிமிஷக் குரல்பதிவுகளாக வெட்டி வியாழக்கிழமையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, சனிக்கிழமையை முழுக்கப் பயிற்சிக்கு ஒதுக்கினேன்.

மூன்று மூன்று பேராகச் சூமின் தனி அறைகளில் விடுங்கள்: உதவி தேடி வந்தவர் ஒருவர், பணியாளர் ஒருவர், பார்த்துக் குறிப்பெடுப்பவர் ஒருவர். கட்டாயம் ஊர் கலந்து பிரியுங்கள். என் வகுப்பில் கொழும்புப் பிள்ளை ஒருத்தி "நான் இருக்கிற தோட்டத்தில ஒரு பிரச்சினை" என்று ஆரம்பித்தாள், பணியாளராக இருந்த ஹட்டன் பையன் உடனே பெயர்ப்பதிவு, துரை, தலைவர் என்று கேட்டுக்கொண்டே போனான். அவள் சொன்னது கொழும்பு வாழைத்தோட்டம் பக்கத்து நெருக்கமான குடியிருப்பை (கொழும்பில் அதையும் தோட்டம் என்றுதான் சொல்வார்கள்), அவன் நினைத்தது துரை என்கிற மேலாளரும் தொழிற்சங்கத் தலைவரும் இருக்கிற தேயிலைத் தோட்டத்தை. பத்து நிமிஷம் கழித்துத்தான் இருவருக்கும் விளங்கியது. கேட்பதற்கு முன் ஊகிக்க வேண்டாம் என்று நான் வாரக்கணக்கில் சொல்லியும் ஏறாதது அன்றைக்கு ஏறிவிட்டது. ஒரே வளாகத்துப் பிள்ளைகளை வைத்து இப்படி ஒரு வகுப்பு எனக்கு அமைந்திருக்காது.

மௌனம் மட்டும் திரையில் சரிவராது. எதிரில் ஒருவர் அழத் தொடங்கினால் பேசாமல் பக்கத்தில் இருப்பதே பாதி வேலை, சூமிலோ மூன்று செக்கன் பொறுப்பதற்குள் "ஹலோ, கேட்குதா?" வந்துவிடுகிறது. அதற்காகவாவது பருவத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போங்கள்.

கேள்வி: நான் ஹட்டனில், என் களப்பயிற்சி மேற்பார்வையாளர் கொழும்பில். சந்தித்த குடும்பங்களின் விபரத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார். பெயரை மாற்றிப் போட்டால் போதுமா?
மாணவி

பதில்: போதாது. "இரண்டாம் டிவிஷன், வெளிநாடு போன தாய், மூன்று பெண்பிள்ளைகள்" என்று எழுதினால் உங்கள் தோட்டத்தில் யாருக்குத்தான் தெரியாது? அந்தக் குழுவில் யாருடைய சித்தி மகள் இருக்கிறாளோ. யார் என்ன சொன்னார்கள், உங்களுக்குள் என்ன ஓடியது என்று வரிக்கு வரி எழுதும் பதிவை, கடவுச்சொல் போட்ட கோப்பாக மேற்பார்வையாளருக்கு மட்டும் அனுப்புங்கள். ஏன் என்று கேட்டால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பணிவாக ஞாபகப்படுத்தலாம்.

அதைவிடப் பெரிய குறை, உங்களுக்குப் பக்கத்தில் ஆள் இல்லாதது. சமூகப்பணிக் கல்விக்கென்று 2004இல் வந்த உலகத் தரநியமங்களே, தொலைக்கல்வியில், விசேஷமாகக் களப்பயிற்சிக்கு, அந்தந்த ஊரிலேயே வழிகாட்டலும் மேற்பார்வையும் வேண்டும் என்கின்றன. பிரதேச செயலகத்தில் அனுபவப்பட்ட சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்லி உங்கள் நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

கேள்வி: சூமில் படித்ததை வேலைக்கு மதிப்பார்களா?
வாசகர், திருகோணமலை

பதில்: நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் இருந்து தொலைக்கல்வி நடத்துகிறது, யாரும் முகம் சுளிப்பதில்லை. நேர்முகத்தில் களத்தில் எங்கே, எத்தனை மணித்தியாலம் நின்றீர்கள் என்றுதான் துருவுவார்கள். களப்பயிற்சிப் புத்தகத்தில் மேற்பார்வையாளரின் கையெழுத்தை அன்றன்றே வாங்கிவிடுங்கள், கடைசி வாரம் அவரைப் பிடிப்பது கஷ்டம்.