கேள்வி – பதில்: அரபு ராக் இசையும் அதற்கு அஞ்சும் அரசுகளும்

கேள்வி: 2011 எழுச்சியின்போது கெய்ரோவில் இளைஞர்கள் கிதாருடன் பாடியதைச் செய்திகளில் பார்த்தோம். அந்தப் பாடகர்கள் பிறகு என்ன ஆனார்கள்?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: அவர்களுள் முதலில் சொல்ல வேண்டியவர் எகிப்தின் மன்சூரா நகரத்துப் பாடகர் ராமி எஸ்ஸாம். கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் மக்கள் எழுப்பிய முழக்கங்களையே கோத்து, அப்போதைய அதிபர் முபாரக்கைப் பதவியிலிருந்து வெளியேறச் சொல்லும் 'இர்ஹல்' பாடலை அவர் அங்கேயே உருவாக்கினார். முபாரக் விலகி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், மார்ச் 9 அன்று, சதுக்கத்தைக் காலிசெய்த இராணுவத்தினர் அவரைப் பிடித்து, அருகிலுள்ள எகிப்திய அருங்காட்சியக வளாகத்திலேயே சித்திரவதை செய்தனர். 2014இல் அவர் சுவீடனுக்குச் சென்றார். அங்கிருந்தபடி அதிபர் சிசியைப் பகடி செய்து 2018இல் அவர் வெளியிட்ட பாடலோ நாட்டுக்குள் இருந்தவர்களைப் பலிகொண்டது. பாடலை எழுதிய கவிஞர் சிறை சென்றார். காணொளியை இயக்கிய ஷாதி ஹபாஷ், விசாரணையே இன்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தோரா சிறையில் வைக்கப்பட்டு, 2020 மே மாதம் தம் 24ஆம் வயதில் அங்கேயே இறந்தார். ஒரு பாடலின் காணொளிக்காக ஓர் இளைஞரின் உயிர் போயிற்று என்பதை ஆறிய மனத்துடன் எழுத முடியவில்லை.

கெய்ரோகீ என்ற எகிப்திய ராக் குழுவினர் நாட்டிலேயே தங்கினார்கள். முபாரக் விலகுவதற்கு முந்தைய நாள் அவர்கள் வெளியிட்ட 'ஸௌத் அல் ஹுர்ரியா' (விடுதலையின் குரல்) பாடலின் காணொளியில், சதுக்கத்தில் நின்ற மக்களே ஆளுக்கொரு வரிக்கு வாயசைத்தார்கள். அதே குழுவின் 2017ஆம் ஆண்டுத் தொகுப்பில் சில பாடல்களுக்குத் தணிக்கைத் துறை அனுமதி மறுத்தது. அவர்கள் அதை இணையத்தில் வெளியிட்டார்கள்.

கேள்வி: லெபனானின் மஷ்ரூ லைலா குழு பெரும்பாலும் காதலையும் தனிமையையும் பாடியதாகக் கூறுகிறார்கள். பிறகு ஏன் அவர்களுக்கு அத்தனை தடைகள்?
— வாசகி, திருச்சி

பதில்: எதிர்ப்பு என்றால் ஆட்சியாளரின் பெயரைச் சொல்லிக் கண்டிப்பது மட்டும்தான் என்று நாம் எண்ணிவிடுகிறோம். யார் காதலிக்கலாம், யாருடைய காதல் பொதுவெளியில் பாடப்படலாம் என்பதை அரசும் மதபீடமும் சேர்ந்து முடிவுசெய்யும் சமூகத்தில், அந்த முடிவை ஏற்காமல் பாடப்படும் காதல் பாட்டும் அரசியல்தான் என்பது என் உறுதியான கருத்து.

2008இல் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய இக்குழுவின் பாடகர் ஹமீத் சின்னோ, தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காதவர். லெபனானின் பேச்சு வழக்கிலேயே, காதலோடு உள்நாட்டு அரசியலையும் இவர்கள் பாடினார்கள். பெரிய இசை நிறுவனங்களை நாடாமல், 2013ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு ரசிகர்களிடமே நிதி திரட்டினார்கள். அதனால் எதைப் பாட வேண்டும் என்று கட்டளையிட எவரும் இல்லை. இடர் வந்தபோது தாங்கிப்பிடிக்கப் பெரிய நிறுவனமும் இல்லை.

தடைகள் பெரும்பாலும் நீதிமன்றத் தீர்ப்பாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஜோர்டானில் 2016இல், அம்மானின் ரோமானிய அரங்கில் நடக்கவிருந்த நிகழ்ச்சிக்கான அனுமதி, அவ்விடத்தின் இயல்புக்கு அது ஒவ்வாது என்ற காரணத்தின் பேரில் சில நாட்களுக்கு முன் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டும் அவர்கள் அங்கே பாட முடியவில்லை. 2017 செப்டம்பரில் கெய்ரோ நிகழ்ச்சியில் ரசிகர்கள் சிலர் தன்பாலீர்ப்பாளர் உரிமையின் அடையாளமான வானவில் கொடியை உயர்த்தியதும் கைதுகள் தொடங்கின; இசைக்கலைஞர் சங்கம் குழுவுக்குத் தடை விதித்தது. கொடி பிடித்த ஸாரா ஹெகாஸி சிறையில் சித்திரவதைக்குள்ளாகி, கனடாவில் அடைக்கலம் புகுந்து, 2020 ஜூனில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். சொந்த நாட்டிலும் 2019இல், தேவாலய வட்டாரத்தின் எதிர்ப்பும் மிரட்டல்களும் வலுத்த நிலையில், இரத்தம் சிந்துவதைத் தவிர்ப்பதற்காக என்று கூறி பிப்லோஸ் நகர இசை விழா அமைப்பாளர்கள் அவர்களுடைய நிகழ்ச்சியைக் கைவிட்டார்கள். மிரட்டியவர்களை விட்டுவிட்டு மிரட்டப்பட்டவர்களை மேடையிலிருந்து இறக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. 2022இல் குழு கலைந்தது.

கேள்வி: ராக் மேற்கிலிருந்து வந்த வடிவம். அரபு மண்ணின் எதிர்ப்பை அது எப்படிச் சொல்ல முடியும்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கருவி எங்கிருந்து வந்தது என்பதைவிட, பாட்டு எந்த மரபில் நிற்கிறது என்று பார்ப்பதே பொருத்தம். இஸ்ரேலுடனான 1967 போரின் தோல்விக்குப் பிறகு, பார்வையற்ற பாடகர் ஷேக் இமாம் ஊத் என்னும் அரபு நரம்பிசைக் கருவியை வாசித்துப் பாட, கவிஞர் அகமது புவாத் நெகம் எளிய எகிப்தியப் பேச்சு மொழியில் எழுதினார். அதிபர்கள் நாசர், சதாத் இருவருடைய ஆட்சியிலும் இந்தப் பாடகரும் கவிஞரும் சிறைப்பட்டார்கள். வானொலியில் இடம் கிடைக்காத அப்பாடல்கள் ஒலிநாடாக்கள் வழியே கைக்குக் கை பரவி, 2011இல் தஹ்ரீரில் மீண்டும் பாடப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் கெய்ரோகீ குழு மூத்த பாடகி ஆய்தா எல் அய்யூபியுடன் இணைந்து வெளியிட்ட 'யா எல் மைதான்' (சதுக்கமே) பாடலை நீங்கள் கேட்டுப் பாருங்கள். அதில் ஊத்தும் ராக் கருவிகளும் சேர்ந்து ஒலிக்கின்றன.