ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்டின் அச்சோவியங்களைக் காண்பது எப்படி?

ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் எண்ணெய் ஓவியங்கள் ஆண்டு முழுவதும் காட்சியில் இருக்க, அவருடைய அச்சோவியங்கள் (செப்புத் தகட்டில் கோடுகளாக வரைந்து, மையிட்டுத் தாளில் அச்சிட்ட படங்கள்) ஏன் அரிதாகவே கண்ணில் படுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். தாள் ஒளிபட்டால் பழுப்பேறிச் சிதையும். ஆகவே அவற்றைச் சில மாதங்கள் மட்டும் மங்கிய ஒளியில் வைத்துவிட்டு, மீண்டும் இருட்டறைக்குக் கொண்டுசென்றுவிடுவார்கள்.

பார்க்க வேண்டியவற்றுள் நான் முதலிடம் தருவது 1653இல் அவர் உருவாக்கிய 'மூன்று சிலுவைகள்' என்ற, இயேசு சிலுவையில் அறையப்பட்ட காட்சியைக் காட்டும் படைப்புக்கு. இதில் செய்ததுபோல் செப்புத் தகட்டை ஊசியால் நேரடியாகக் கீறும்போது கோட்டின் ஓரத்தில் எழும் உலோகப் பிசிர் மையைப் பிடித்துக்கொண்டு வெல்வெட் போன்ற கருமையைத் தருகிறது. ஆனால் ஒவ்வொரு முறை அச்சு எந்திரத்தில் அழுத்தப்படும்போதும் அப்பிசிர் தேய்வதால், முதலில் எடுத்த அச்சுப் படிகளே செறிவானவை. சில ஆண்டுகள் கழித்து அதே தகட்டை அவர் பெருமளவு சுரண்டித் திருத்தி, காட்சியின் பெரும்பகுதியை இருளில் ஆழ்த்தினார். ஒரே தகட்டின் முந்தைய, பிந்தைய படிகளை அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் (எண்ணெய் ஓவியம் தராத வாய்ப்பு இது) அச்சோவியத்தை அறியச் சிறந்த வழி. நேரில் செல்ல இயலாதவர்கள் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் உயர்தரப் படங்களை இலவசமாகவே பெரிதாக்கிப் பார்க்கலாம்.