சாக்லேட்டில் தோய்த்த பழம்: எந்த சாக்லேட்டை வாங்குவது, எங்கே தவறுகிறது?

கேள்வி: ஸ்ட்ராபெர்ரியை சாக்லேட்டில் தோய்க்க ஆசை. கடையில் ‘காம்பவுண்ட்’, ‘கூவெர்ச்சர்’ என்று இரண்டு வகைக் கட்டிகள் இருக்கின்றன. விலையில் நிறைய வித்தியாசம். எதை வாங்கலாம்?

பதில்: பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். சேர்பொருள்களில் கொக்கோ வெண்ணெய் இருந்தால் அசல் சாக்லேட்; கூவெர்ச்சர் இந்த வகைதான். அதற்குப் பதிலாகப் பாமாயில், பனங்கொட்டை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பும் கொக்கோ தூளும் இருந்தால், முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது காம்பவுண்ட்.

காம்பவுண்டை மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. உருக்கித் தோய்த்தால் தானாகவே இறுகும். முதல் தடவை செய்பவர்களுக்கும், குழந்தைகளை உடன் வைத்துக்கொண்டு செய்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வோம். ருசியில்தான் குறை: வாயில் சட்டென்று கரையாமல் மெழுகுபோல் ஒட்டும். கறுப்பு கூவெர்ச்சரில் கொக்கோ வெண்ணெய் 31 சதவீதமாவது இருக்கும். அதனால் மெல்லியதாகப் படிந்து, கடித்தால் ‘டக்’கென்று உடையும். ஆனால் அதை டெம்பரிங் செய்தே ஆக வேண்டும், அதாவது உருக்கி, கிளறிக்கொண்டே குறிப்பிட்ட சூட்டுக்கு ஆறவைத்துப் பதப்படுத்த வேண்டும். இரண்டையும் கலந்து உருக்கி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். இரு கொழுப்பும் ஒத்துப்போகாமல் கொழகொழவென்று நின்றுவிடும்.

சாக்லேட் சிப்ஸ் வேண்டாம். அடுப்பில் வெந்தாலும் உருக்குலையாமல் இருப்பதற்காகக் கொழுப்பைக் குறைத்துச் செய்தவை அவை. உருக்கினாலும் கெட்டியாகவே நிற்கும்.

நடுத்தரப் பழம் ஒன்றுக்குச் சுமார் 10 கிராம் பிடிக்கும். ஆனாலும் 20 பழத்துக்கு 300 கிராம் உருக்குங்கள். பழம் முங்க ஆழம் வேண்டுமே! அகலக் கிண்ணத்தைவிடக் குறுகலான கோப்பை நல்லது. மிஞ்சியதைக் காகிதத்தில் ஊற்றி இறுகவைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.

கேள்வி: உருக்கும்போதே மணல்மாதிரி திரண்டு கட்டியாகிவிட்டது. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: இது பெரும்பாலும் தண்ணீர் பட்டதால் வருவது, கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. சாக்லேட்டில் உள்ள சர்க்கரையும் கொக்கோ துகளும் காய்ந்த பொடிகள். சில சொட்டு ஈரம் போதும், ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி, சரியாகத் துடைக்காத கிண்ணம், ஈரம் குடித்த மரக்கரண்டி, இந்த மூன்றையும் பாருங்கள். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கும்போது தண்ணீர் கொதிக்கக் கூடாது, கிண்ணத்தின் அடியைத் தொடவும் கூடாது. மைக்ரோவேவில் என்றால் பாதி சக்தியில் 30 விநாடி, கிளறி, பிறகு 15 விநாடி வீதம்.

திரண்டதைக் கொட்டிவிடாதீர்கள். 60 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி கணக்கில் சூடான பாலை விட்டுக் கிளறினால் மறுபடி வழவழப்பாகும். சாஸாக ஊற்றிச் சாப்பிடலாம். பழத்தின் மேல் ஓடாக மட்டும் இறுகாது.

சிக்கு வாடை அடித்தாலோ, பூச்சி இருந்தாலோ, தேதி கடந்திருந்தாலோ ரசீதோடு திருப்பிக் கொடுங்கள். கட்டியின் மேல் வெளுப்பு இருந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு மறைந்தால் மேலே வந்த கொழுப்புதான், உருக்கினால் சரியாகும். சொரசொரவென்று மறையாமல் இருந்தால் ஈரம் ஏறிய சரக்கு, தோய்க்க உதவாது.

கேள்வி: கூவெர்ச்சரில் தோய்த்தேன். மறுநாள் வெள்ளைக் கோடு கோடாக இருக்கிறது, தொட்டால் கையில் ஒட்டுகிறது.

பதில்: டெம்பரிங் தவறிவிட்டது. கொக்கோ வெண்ணெய் பல வடிவங்களில் படிகமாகும். அவற்றில் ஒன்றுதான் பளபளப்பும் முறுகலும் தரும்; அதை உண்டாக்குவதுதான் இந்த வேலை. 300 கிராமில் 200 கிராமை 45 டிகிரி செல்சியஸ் வரை உருக்குங்கள். அடுப்பிலிருந்து இறக்கி, பொடியாக நறுக்கிய மீதி 100 கிராமைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். கறுப்பு சாக்லேட் 31–32, பால் சாக்லேட் 29–30, வெள்ளை 28–29 டிகிரிக்கு இறங்கியதும் தோய்க்கலாம். கத்தி முனையில் கொஞ்சம் தொட்டு வையுங்கள்: குளிர்ந்த அறையில் ஐந்து நிமிடத்துக்குள் கோடில்லாமல் இறுகினால் சரி. குச்சி வடிவ டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரு டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் காரியம் கெடும் இடத்தில் கண்மதிப்பை நம்ப முடியாது.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்த பழத்தின் அடியில் தண்ணீர் கட்டி, சாக்லேட் ஓடு கழன்று வருகிறது.

பதில்: பழம் ஈரமாக இருந்திருக்கும், அல்லது குளிர்ச்சியாக. கழுவித் துணியில் பரப்பி ஒரு மணி நேரமாவது உலரவிட்டு, காம்பின் இலைக்கடியிலும் ஒற்றி எடுங்கள். ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அறைச் சூட்டுக்கு வந்த பழத்தை இலையோடு பிடித்து முக்கால் பாகம் முக்கி, ஒரு சுற்றுச் சுற்றித் தூக்கி, அடியைக் கோப்பை விளிம்பில் இழுத்துவிட்டு பட்டர் பேப்பரில் வையுங்கள். இழுக்காமல் வைத்தால் அடியில் தட்டையாக வழிந்து நிற்கும்.

இறுகிய பிறகு அன்றே சாப்பிடுவது உத்தமம். ஃப்ரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம். காற்றுப் புகாத டப்பாவில் டிஷ்யூ விரித்து வையுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், உருகும்போது பழம் கூழாகும்.

கேள்வி: வேறு எந்தப் பழம் ஒத்துவரும்?

பதில்: தோல் உரியாத திராட்சை, மேல்தோல் கிழியாத ஆரஞ்சுச் சுளை. வெட்டிய அன்னாசியும் தர்பூசணியும் சாறு விட்டுக்கொண்டே இருக்கும், விட்டுவிடுங்கள். நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டுமென்றால் பேரீச்சை, உலர்ந்த அத்தி.