அரைப்புள்ளி வழியே புகும் கட்டளை

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்துகிறோம். சுவர் கனம் அதிகம் என்பதால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என மூன்று இடங்களில் வைஃபை பெட்டி வைத்திருக்கிறோம். அதில் ஒன்றில் ‘கமாண்ட் இன்ஜெக்‌ஷன்’ ஓட்டை இருக்கிறதாம். பாஸ்வேர்டு கடினமாகத்தான் வைத்திருக்கிறோம், போதாதா?

பதில்: போதாது. வைஃபை பெட்டி என்பது பெரும்பாலும் ஒரு குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டர். அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் இணைப்பைச் சோதிக்கும் ‘பிங்’ கட்டம் இருக்கும். அங்கே 8.8.8.8 என்று அடித்தால், கவனமில்லாமல் எழுதிய நிரல் அதை ‘பிங்’ கட்டளைக்குப் பின்னால் அப்படியே ஒட்டி லினக்ஸிடம் கொடுத்துவிடும். லினக்ஸ் ஷெல்லில் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலில்) அரைப்புள்ளி வந்தால் ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ஆகவே ‘8.8.8.8;’ என்று போட்டு, பின்னால் எதை எழுதினாலும் அதுவும் ஓடும், பெரும்பாலும் ‘ரூட்’ அதிகாரத்தோடு, அதாவது பெட்டியில் எதையும் செய்யும் முழு அதிகாரத்தோடு.

லாகின் கேட்பதற்கு முன்பே இந்த ஓட்டை இருந்தால் பாஸ்வேர்டுக்கு வேலையே இல்லை. டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 என்ற வைஃபை ரௌட்டரில் நாட்டைத் தேர்வு செய்யும் இடத்திலேயே இப்படி ஓர் ஓட்டை இருந்தது (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சி.வி.இ-2023-1389). 2023 ஏப்ரலில் மிராய் பாட்நெட் (பிடித்த கருவிகளைக் கூட்டாக ஏவும் தீநிரல்) அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் ஸைக்ஸெல் அக்சஸ் பாயின்ட்கள் (வைஃபை பரப்பும் பெட்டிகள்) பலவற்றில் குக்கி (பிரவுசர் அனுப்பும் சிறு தகவல்) வழியாகவே கட்டளை புகுத்த முடியும் என்று தெரியவந்தது. அதன் தீவிரம் 10-க்கு 9.8.

செய்ய வேண்டியது: பெட்டியைத் திருப்பி, ஸ்டிக்கரில் மாடலோடு ஹார்டுவேர் வெர்ஷனையும் (வி1, வி2…) குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலின் வி2-க்கு வந்த ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை) வி1-இல் ஏற்றினால் பெட்டி செத்துவிடக்கூடும். ஓட்டையை அடைத்த புதிய ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். வைஃபையில் அல்ல, கேபிள் போட்டு, யுபிஎஸ்ஸில் வைத்து ஏற்றுங்கள். பாதியில் கரண்ட் போனாலும் கதை முடிந்தது. பிறகு ரிமோட் மேனேஜ்மென்ட்டை (இணையம் வழியாக வெளியிலிருந்து செட்டிங்ஸை மாற்றும் வசதியை) அணையுங்கள். தங்க வருகிறவர்களுக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க் கொடுங்கள், அதிலிருந்து செட்டிங்ஸ் பக்கம் திறக்கக் கூடாது. திறக்கிறதா என்று உங்கள் போனிலேயே பார்த்துவிடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

கேள்வி: தேவகோட்டை வீடு பூட்டியே கிடக்கிறது, நாங்கள் சிங்கப்பூரில். சிசிடிவி பார்ப்பதற்காக ரௌட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து வைத்திருக்கிறோம். அதற்கு 2018-க்குப் பின் ஃபர்ம்வேர் வரவில்லை. வாட்ச்மேன் தினமும் ஆஃப் செய்து ஆன் செய்கிறார். சரிதானே?

பதில்: மிராய் வகைகள் பெரும்பாலும் மெமரியில்தான் உட்காரும். அணைத்தால் போய்விடும், ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும். இணைப்பு வந்ததும் வெளியே சலித்துக்கொண்டிருக்கும் ஸ்கேனர்கள் மறுபடி பிடித்துவிடும். ஃபர்ம்வேர் வராத பெட்டியை மாற்றத்தான் வேண்டும். ஓபன்டபிள்யுஆர்டி என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் அந்த மாடலுக்கு இருந்தால், தெரிந்தவர் கையால் அதை ஏற்றலாம். போர்ட்டை மூடிவிட்டு, புதிய ரௌட்டரில் விபிஎன் (பூட்டிய தனிவழி இணைப்பு) வைத்துக் கேமராவைப் பாருங்கள்.

பழைய பெட்டியிலிருந்து எடுத்த பேக்கப் ஃபைலைப் புதியதில் ஏற்றாதீர்கள். யாராவது மாற்றியிருந்த டிஎன்எஸ் முகவரியும் (தளத்தின் பெயருக்கு எண் முகவரி சொல்லும் சர்வரின் முகவரி) கூடவே வந்துவிடும். செட்டிங்ஸைக் கையால் அடியுங்கள். ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டி என்றால் ஃபர்ம்வேர் அவர்கள் கையில்; போனில் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: காரைக்குடியில் பொறியியல் படிக்கிறேன். புராஜெக்டுக்கு ரௌட்டர் பக்கம் எழுதும்போது அரைப்புள்ளியை வடிகட்டினால் போதுமா?

பதில்: போதாது. |, &, பேக்டிக், $( ), புதுவரி எல்லாமே அதே வேலையைச் செய்யும். ஷெல்லையே கூப்பிடாதீர்கள், ஷெல் வழியாகக் கட்டளை ஓட்டும் சிஸ்டம், பிஓபன் இரண்டையும் விட்டு, ஷெல் இல்லாமல் நிரலை நேரடியாக ஓட்டும் எக்ஸெக்விஇ-க்கு ஆர்க்யுமென்ட்களைத் தனித்தனியாகக் கொடுங்கள். அதற்கு முன் வந்தது உண்மையான ஐபி முகவரிதானா என்று சோதியுங்கள். ‘-’ என்று தொடங்கும் உள்ளீட்டையும் தள்ளுங்கள். இல்லாவிட்டால் ‘பிங்’ அதை ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளும்.