தொப்பை போட்ட கம்பி வலை வேலியை எப்படி இழுத்துக் கட்டுவது?

கேள்வி: பேரையூர் பக்கம் கரிசல் காட்டில் மூன்று ஏக்கரில் நெல்லியும் கொய்யாவும் வைத்திருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்பு பத்தடிக்கு ஒரு கல்லுக்கால் நட்டு, 10 கேஜ் கம்பியில் ஐந்தடி உயர வலை வேலி போட்டேன். இப்போது வலை நடுவில் தொப்பை போட்டுத் தொங்குகிறது. வெள்ளாடுகள் முன்னங்காலைத் தூக்கி வைத்து மேல் விளிம்பை அமுக்கிவிட்டன. அடியில் பன்றி நுழைகிறது. வேலி போட்டவர், “வலை போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும்” என்கிறார். என் தம்பி டிராக்டரில் சங்கிலி மாட்டி ஒரே இழுவையாக இழுத்துவிடலாம் என்கிறான். கரண்ட் கொடுத்துவிடு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். என்ன செய்யலாம், அய்யா?

பதில்: புது வலைக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். 10 கேஜ் கம்பி ஏறக்குறைய மூன்றேகால் மில்லிமீட்டர் கனம். துத்தநாகப் பூச்சு உரிந்து துரு தின்றிருந்தால் ஒழிய, அது நான்கு வருடத்தில் தானாக நீண்டுபோகாது. வெயிலில் இளகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். 30 மீட்டர் இரும்புக் கம்பி 20 டிகிரி கூடுதல் வெப்பத்துக்கு நீள்வது 7 மில்லிமீட்டர்தான், அதுவும் இரவில் சுருங்கிவிடும். உங்கள் வேலியில் தெரிகிற தொப்பைக்கு அது காரணமே இல்லை.

மூலைக்கல்லைப் பாருங்கள். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி ஒவ்வொரு மூலைக்கல்லின் தலையிலிருந்தும் தொங்கவிடுங்கள். ஐந்தடி உயரத்தில் கல் இரண்டு அங்குலம் உள்பக்கம் சாய்ந்திருந்தாலே, அந்த இரண்டு அங்குலமும் வலையில் தளர்ச்சியாக வந்து நிற்கும். இரண்டு முனையிலும் அப்படிச் சாய்ந்திருந்தால் நான்கு அங்குலம். கட்டில் கால் ஆடுகிறபோது கயிற்றை எவ்வளவு முறுக்கிக் கட்டினாலும் நிற்காது, இல்லையா? அதே கதைதான். உங்கள் பகுதி வேலிகளில் பெரும்பாலும் கோளாறு மூலையில்தான் இருக்கிறது, வலையில் இல்லை.

கரிசல் மண்ணின் குணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். இரண்டடி ஆழத்தில் ஊன்றிய கல்லை அந்த மண் வருடாவருடம் அசைத்துப் பார்க்கிறது. மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் நிற்கிற அதே ஆழம் பேரையூரில் நிற்காது. ஆகவே மூலைகளில் மட்டுமாவது எட்டடிக் கல்லாக மாற்றி மூன்றடி மண்ணுக்குள் இறக்குங்கள். குழியின் வாய் ஒன்றரை அடி சதுரம் என்றால் அடிப்பக்கத்தை இரண்டடிக்குக் குடைந்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள். வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் போட்டால், மண் உப்பும்போது கான்கிரீட்டோடு கல்லை மேலே தூக்கிவிடும். பலர் குழியை அப்படித்தான் வெட்டுகிறார்கள், வெட்டுவதற்குச் சுலபம் என்பதால்.

அடுத்தது முட்டுக்கால். மூலைக்கு ஒரே ஒரு முட்டுக்கல்லைக் குறுக்காக உள்பக்கம் சாய்த்து வைப்பது இங்கே வழக்கம். இரண்டு பக்க இழுவையும் சமமாக இருக்கும்வரை அது தாங்கும். நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் இழுக்க ஆரம்பித்த நிமிடமே கல் திரும்பும். மூலைக்கு இரண்டு முட்டு வையுங்கள், ஒவ்வொன்றும் அந்தந்த வேலியின் ஓட்டத்திலேயே, வலைக்கு அடியில் படுத்தாற்போல். முட்டின் தலை, மூலைக்கல்லின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் போய் உதைய வேண்டும். அதன் காலுக்கும் தனிக் கான்கிரீட் வேண்டும். வெறும் மண்ணில் ஊன்றிய முட்டு, முதல் மழையிலேயே புதைந்துவிடும். நீளமான பக்கங்களில் நூறடிக்கு ஒரு கல்லுக்கு இரு பக்கமும் இப்படி முட்டுக் கொடுத்தால், ஒரே மூச்சில் முந்நூறு அடியை இழுக்க வேண்டிய தொல்லை இருக்காது.

இருக்கிற கல்லையே நிமிர்த்துவதானால், முதலில் அந்த மூலையில் வலையையும், அதைத் தாங்கி வேலி நெடுக ஓடும் லைன் கம்பியையும் அவிழ்த்துவிடுங்கள். இழுவையை வைத்துக்கொண்டே கடப்பாரையால் நெம்பினால் கல் பாதியில் முறியும். வெளிப்பக்க மண்ணைத் தோண்டி, நிமிர்த்தி, தூக்குக்குண்டு பார்த்துக் கான்கிரீட் போட்டு, ஒரு வாரம் சாக்கு சுற்றித் தண்ணீர் விடுங்கள். அதற்குமுன் ஒரு கம்பியைக்கூட இழுக்காதீர்கள். இந்த வேலைக்குத் தையும் மாசியும் நல்லது: ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் உள்ளே இருக்கும், சேறு இருக்காது, வெடிப்பும் விட்டிருக்காது.

இனி இழுப்பு. டிராக்டரில் இழுக்க வேண்டாம். எவ்வளவு விசை போகிறது என்பது ஓட்டுகிறவர் கைக்குத் தெரியாது. கிளட்ச்சை விடுகிற ஒரு நொடியில் கல் முறியலாம், கம்பி அறுந்து ஆள்மேல் வீசலாம். அறுந்த கம்பி கண்ணைப் பறித்துவிடும். தம்பியின் டிராக்டருக்கு வேறு வேலை இருக்கிறது: மூலைக்கு வெளியே, வேலியின் நேர்கோட்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுங்கள். அது அசையாத முளையாக இருக்கட்டும். இழுப்பது கை வின்ச்சாக இருக்க வேண்டும். கடையில் ராட்செட் புல்லர், கேபிள் புல்லர் என்று கேட்டால் தருவார்கள். ஒரு டன், இரண்டு டன் அளவு தாராளம். நெம்புகோலை ஒவ்வொரு பல்லாக நகர்த்துவதால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைக்குத் தெரியும். போர் மோட்டார் தூக்குகிறவர்களிடம் இருக்கும் செயின் புல்லியை இரவல் வாங்கலாம் என்று தோன்றும். அது மேலிருந்து தொங்கவிட்டுத் தூக்குவதற்கானது, படுக்கைவாட்டில் சங்கிலி நழுவும், சிக்கும்.

முதலில் லைன் கம்பி, பிறகுதான் வலை. வலையைத் தாங்குவது லைன் கம்பிதான். அது தளர்ந்திருக்க வலையை மட்டும் இழுத்தால் ஆறு மாதத்தில் பழைய கோலம் வந்துவிடும். ஐந்தடி வேலிக்கு மேலே, நடுவே, அடியில் என மூன்று வரி வேண்டும். வலையைக் கட்டியிருக்கும் கட்டுக்கம்பிகளை அந்தப் பக்கம் முழுக்க வெட்டிவிட்டு, ஒவ்வொரு வரியின் ஒரு முனையிலும் ஒரு டர்ன்பக்கிள் (இரு முனையிலும் திருகு உள்ள, முறுக்கிக் கம்பியை இறுக்கும் இரும்புக் கொக்கி) மாட்டுங்கள். மாட்டும்போது அதன் இரண்டு திருகையும் நன்றாக வெளியே விட்டு மாட்ட வேண்டும், அப்போதுதான் இனிவரும் வருடங்களில் முறுக்க இடம் மிச்சம் இருக்கும். கம்பியை வின்ச்சால் இழுத்து டர்ன்பக்கிளில் கட்டிவிட்டு, கடைசி இறுக்கத்தை ஸ்பேனரால் கொடுங்கள். குச்சியைச் செருகி முறுக்கி இறுக்கும் பழைய முறை இரட்டைக் கம்பிக்குப் பரவாயில்லை. ஒற்றைக் கம்பியில் செய்தால் பூச்சு வெடித்து அந்த இடத்திலேயே துரு பிடிக்கும்.

வலையை இழுக்க மூலையிலிருந்து நான்கடி தள்ளி, மேலிருந்து கீழ்வரை வலைக்கண்களின் ஊடே ஒரு 12 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியைக் கோத்து இறக்குங்கள். வின்ச்சின் கொக்கியை நேராக அந்தக் கம்பியின் நடுவில் மாட்டினால் கம்பி வளையும், நடுவரிசைக் கண்கள் மட்டும் நீளும், மேலும் கீழும் தொங்கும். ஒரு சவுக்குக் கட்டையைச் செங்குத்தாக வைத்து, கட்டைக்கும் கம்பிக்கும் இடையே மேல், நடு, அடி என மூன்று இடத்தில் சம நீளச் சங்கிலி மாட்டி, கட்டையின் நடுவில் வின்ச்சை மாட்டுங்கள். அப்போது வலை முழு உயரத்துக்கும் ஒன்றாக நகரும். ஒருவர் வின்ச் போடும்போது இன்னொருவர் வேலி நெடுக நடந்து வலையை இரு கையாலும் உலுக்கிக்கொண்டே வர வேண்டும். கல்லில் உரசிப் பிடித்திருக்கும் இடங்கள் அப்போதுதான் விடும். இருவரும் கையுறை போடுங்கள், கம்பி ஓடும் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

எப்போது நிறுத்துவது? ஒரு வலைக்கண்ணின் எதிரெதிர்க் கம்பிகளை ஒரு கையால் சேர்த்து அமுக்குங்கள். கால் அங்குலத்துக்கு மேல் நெருங்கினால் இன்னும் இழுக்கலாம், அதற்குள் நின்றால் போதும். அதற்கு மேலும் இழுத்தால் கண்கள் படுக்கையாக அகன்று, வலையின் உயரம் குறைந்து, அடிவிளிம்பு தரையைவிட்டு எழும்பும். பன்றிக்கு நாமே வாசல் திறந்துவிட்டதாகிவிடும்.

மிஞ்சிய வலையைக் கட்டரால் வெட்டித் தள்ளாதீர்கள். ஒரே ஒரு கம்பியின் மேல்முனையையும் கீழ்முனையையும் கொறடால் மடக்கு நீக்கிவிட்டுத் திருகிக்கொண்டே இழுத்தால், அது சுழன்று முழுசாக மேலே வந்துவிடும். வலை அந்த இடத்தில் சுத்தமாக இரண்டாகப் பிரியும். பிரிந்த முனையில் இன்னொரு 12 மில்லிமீட்டர் கம்பியைக் கோத்து, மூலைக்கல்லோடு 8 கேஜ் கம்பியால் அரையடிக்கு ஒரு கட்டுப் போடுங்கள். பிறகே வின்ச்சைத் தளர்த்துங்கள். மேல் லைன் கம்பியில் ஒன்றரை அடிக்கு ஒரு கட்டு, நடுவிலும் அடியிலும் இரண்டடிக்கு ஒன்று. ஆடு கால் வைப்பது மேல் விளிம்பில்தான், ஆகவே அங்கே கட்டு நெருக்கமாக இருக்கட்டும். அதற்கு மேலே ஒரு வரி முள்கம்பி ஓட்டினால் வெள்ளாடு அந்தப் பழக்கத்தையே விட்டுவிடும். உருவிய கம்பிகளைச் சேர்த்து வையுங்கள். வலை எங்காவது அறுந்தால் அதே கம்பியைத் திருகி ஏற்றி ஒட்டுத் தெரியாமல் சரிசெய்யலாம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன்: பன்றிக்குப் பயந்து வேலியில் பழைய சேலை கட்டியிருக்கிறீர்களா? கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். ஆடிக் காற்றில் ஒவ்வொரு சேலையும் பாய்மரம் மாதிரி வலையை இழுக்கும். கோவைக்கொடியும் அப்படித்தான், கனமும் சேரும், காற்றும் பிடிக்கும்.

பன்றி நுழைவதற்கு அடிவரிதான் மருந்து. தரையிலிருந்து நாலு விரற்கிடையில் ஒரு முள்கம்பியை விறைப்பாக ஓட்டி, ஒவ்வொரு இரண்டு கல்லுக்கும் நடுவே இரும்பு முளை அடித்து அதைத் தரையோடு பிடித்துக் கட்டுங்கள். வலையை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம். கரிசல் ஈரத்தில் அடிக்கம்பி சீக்கிரம் அரித்துப் போகும். வேலி ஓரமாக உள்பக்கம் கிளுவைப் போத்து நெருக்கமாக ஊன்றிவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் அடைப்பாகிவிடும். வலையிலிருந்து இரண்டடி தள்ளி ஊன்றுங்கள், கிளை வலைக்குள் வளர்ந்தால் மறுபடி இழுக்க முடியாது.

கரண்ட் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டு லைனையோ மோட்டார் லைனையோ வேலியில் கொடுப்பது குற்றம். பன்றிக்கு முன்னால் ஆடு மேய்க்கும் பிள்ளையோ தண்ணீர் பாய்ச்சப் போகும் நீங்களோதான் அதில் சிக்குவீர்கள். விட்டுவிட்டுத் துடிப்பாக மின்சாரம் அனுப்பும் சூரிய மின்வேலி வேறு சங்கதி. அதற்குத் தனிக் கம்பியும் இன்சுலேட்டரும் முறையான அனுமதியும் வேண்டும், இந்த வலையோடு அதை இணைக்கவும் முடியாது. அது தேவை என்று பட்டால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆனால் முதலில் மூலைக்கல்லை நிறுத்தி, அடிவரி முள்கம்பியை ஓட்டி, ஒரு போகம் பாருங்கள்.