மாடல் ரயில் லேஅவுட்டில் சாலைக்கும் நடைபாதைக்கும் எந்தப் பொருள் நல்லது: அட்டையா, உப்புத்தாளா?

குன்னூரில் எங்கள் வீட்டு மாடியறையில் நம் மலை ரயிலை 1:87 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். அசலில் மீட்டர் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் என்பதால், இங்கே 12 மி.மீ. இடைவெளி. குன்னூர் என்பதால் இது ஈரம் சொட்டும் ஊர்க்காரனின் பதில். அட்டை இங்கே ஆகவே ஆகாது. முதல் வருடம் பைண்டிங் அட்டையில் பஸ் ஸ்டாண்டு சாலையை வெட்டி ஒட்டினேன். ஐப்பசி மழை முடிவதற்குள் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி தூக்கிக்கொண்டது.

உப்புத்தாள் பரவாயில்லை. ஆனால் 10 மி.மீ. ஜல்லி இந்த அளவில் சுமார் 0.1 மி.மீ.தான். சொரசொரப்பான தாளை ஒட்டினால் தார்ச் சாலை ஆற்றுப்படுகை போல ஆகிவிடும். 400 நம்பர் வாட்டர் பேப்பர் (நைஸான உப்புத்தாள்) போதும். இணைப்பு மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது நான் போடுவது 3 மி.மீ. சன் போர்டு (லேசான பிளாஸ்டிக் ஃபோம் பலகை), அதன் மேல் பெயிண்டர்கள் சுவருக்குப் பார்க்கும் வெள்ளை சிமெண்ட் பட்டி. போர்டை முதலில் நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள், இல்லாவிட்டால் பட்டி பிடிக்காது. கொஞ்சம் ஃபெவிக்கால் கலந்து மெல்லிசாக இழுத்து, காய்ந்ததும் வாட்டர் பேப்பரால் தேய்த்தால் பழைய தார் ரோடு அப்படியே வரும். இருவழிச் சாலைக்கு 7 மீட்டர் என்றால் இங்கே 8 செ.மீ. கொண்டை ஊசி வளைவில் எனக்குப் பட்டி விரிசல் விட்டது. அங்கே மட்டும் வளைந்து கொடுக்கும் ஃபோம் ஷீட்.

கறுப்புப் பெயிண்ட் வேண்டாம். சாம்பல் நிறம் அடித்து, ஓரத்தில் சலித்த செம்மண் தூவுங்கள். (சக்கைத் தேயிலையைக் காயவைத்துத் தூவலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குப் பூஞ்சை பூத்தது.)

நடைபாதைக்கு 2 மி.மீ. சன் போர்டு. 15 செ.மீ. உயரத்துக்குக் கிட்டத்தட்ட அதுதான் கணக்கு. நம் ஊரில் பாதி நடைபாதை சாக்கடையை மூடிய சிமெண்ட் ஸ்லாப்தானே! பிளேடின் முதுகால் 7 மி.மீ.க்கு ஒரு கோடு கீறினால் 60 செ.மீ. ஸ்லாப். ஒன்றிரண்டைப் பெயர்த்து வைத்தால் இன்னும் நம்பும்படி இருக்கும்.

அப்புறம், ரயில்வே கேட். தண்டவாளங்களுக்கு நடுவே பட்டி போட்டு, என்ஜின் சக்கரம் ஏறி நின்று, மூன்று மாலை உட்கார்ந்து சுரண்டினேன். அங்கே சன் போர்டுத் துண்டை, தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்கு அரை மி.மீ. கீழே இருக்கும்படி, இருபக்கமும் சக்கர விளிம்புக்கு இடம் விட்டு, டபுள் டேப்பில் ஒட்டுங்கள். தண்டவாளத்தைத் துடைக்கும்போது கழற்றிக்கொள்ளலாம்.