மதுரையில் சினிமாப் பாட்டை விட்டுவிட்டு ஒரு ப்ளூஸ் ராக் குழு பிழைக்க முடியுமா?

கேட்டிருக்கும் தம்பி கல்லூரி மாணவர், கிட்டார் வாசிக்கிறார். சினிமாப் பாட்டைத் தொடாமல் சொந்தப் பாட்டு மட்டும் வைத்து மதுரையில் ஒரு ப்ளூஸ் ராக் பேண்ட் நடத்த முடியுமா என்பது அவர் கேள்வி. ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு, அதை மின்கிட்டாரும் ட்ரம்ஸும் வைத்து வாசிப்பது ப்ளூஸ் ராக்.

தொடாமல் முடியாது. தொட்டுக்கொண்டே நடத்தலாம். பத்து வருடத்துக்கும் மேல் அப்படித்தான் ஒரு குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தேன். குழுவின் பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும், விடுங்கள்.

செல்லூரில் ஒரு மாடி அறையில் ஆரம்பித்தோம். சுற்றிலும் தறிச் சத்தம், அதனால் எங்கள் சத்தத்தை யாரும் குறை சொன்னதில்லை. பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது, வாசிக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. பெங்களூரு மாதிரி வாரக் கடைசியில் குழுக்களைக் கூப்பிடும் பப்கள் இங்கே கிடையாது. கல்லூரிக் கல்ச்சுரல்ஸ் வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான். அதிலும் நடுவர்கள் 'தமிழ்ப் பாட்டு ஏதாவது?' என்பார்கள்.

அப்புறம்தான் மெல்லிசைக் கச்சேரிக்குப் போனோம். ஒரு குழுவுக்கு லீடு, பேஸ், ட்ரம்ஸ் மூன்றுமாக மொத்தமாகச் சேர்ந்துகொண்டோம். பங்குனியில் தொடங்கினால் வைகாசி வரை மூச்சுவிட நேரம் இருக்காது, ஆடியில் இன்னொரு சுற்று. மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் கோயில் திருவிழா என்றால் முதலில் சாமி பாட்டு, பிறகு எம்ஜிஆர், பிறகு எண்பதுகளின் ராஜா, கடைசியில் குத்து. முன்பெல்லாம் விடிய விடிய நடக்குமாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வந்தபின் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும், திருவிழாவுக்கு விலக்கு வாங்கினாலும் 12 மணி வரைதான். அதனால் மூச்சுக்கூட விடாமல் பாட்டுக்கு மேல் பாட்டு.

இது நம்மைக் கெடுத்துவிடும் என்று பல நண்பர்கள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டால் பாட்டு நடுவிலேயே விரலால் ஜாடை காட்டுவார், சுருதியை அரைக் கட்டை இறக்கி அடுத்த வரியில் சேர்ந்துகொள்ள வேண்டும். எந்த வகுப்பும் இதைச் சொல்லித் தராது. ப்ளூஸ்காரர்களே அப்படித்தான் வளர்ந்தார்கள். ப்ளூஸ் கிட்டார் மேதை ராபர்ட் ஜான்சன் 1936, 37இல் டெக்சஸில் பதிவு செய்த 29 பாட்டுகளை இன்றும் வேதம் மாதிரி கேட்கிறோம். ஆனால் தெருவில் நின்றால் கேட்பவர் கேட்டதையெல்லாம் வாசிப்பார், அன்றைய பிரபல பாடகர் பிங் கிராஸ்பியின் பாட்டு உட்பட என்று அவரோடு ஊர் ஊராகத் திரிந்த ஜானி ஷைன்ஸ் சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தில் இளையராஜாவும் அண்ணன் தம்பிகளும் சேர்ந்த பண்ணைப்புரத்துப் பாவலர் சகோதரர்களும் கட்சி மேடை, திருவிழா மேடை என்று அலைந்தவர்கள்தானே.

எங்களுக்கு நிஜமான திருப்பம் தாளத்தில் வந்தது. ப்ளூஸின் ஷஃபிள் தாளத்தை எங்கள் ட்ரம்மர் புத்தகம் பார்த்து வாசிப்பார், எண்ணி எண்ணி விழும். ஒரு ஊரில் எங்களுக்கு முன்னால் நையாண்டி மேளம். பம்பைக்காரர் ஒருவர் மேடை ஓரமாக உட்கார்ந்து எங்கள் சவுண்டு செக்கைக் கேட்டுவிட்டு, "தம்பி, இது திஸ்ரம்தானே, நடு அடிய ஏன் முழுங்குறீங்க?" என்றார். அவ்வளவுதான் விஷயம். திஸ்ரம் என்றால் மூன்று மூன்றாகப் போகும் நடை, ஷஃபிள் என்பது அந்த மூன்று அடியில் நடுவிலுள்ளதைச் சொல்லாமல் விடுவது. அவர் அதையே வாசித்துக் காட்டினார். விட்ட அடியும் காதில் கேட்கிற மாதிரி ஆடியது. அன்றிலிருந்து அவர் எங்கள் ஆள். அவர் வழியாக ஓர் உறுமிக்காரரும் வந்தார். வளைந்த குச்சியால் உறுமியின் தோலைத் தேய்த்து இழுக்கும்போது ஒரு முனகல் வருமே, அதற்கு, கம்பிமேல் குழாயை நகர்த்தி வாசிக்கும் ஸ்லைடு கிட்டாரில் பதில் சொல்லிப் பாருங்கள். சுருதிக்கும் பெரிய சண்டை இல்லை. ப்ளூஸ் கிட்டார்காரர்கள் முதலில் கற்கும் ஐந்து ஸ்வரங்கள் நம் சுத்த தன்யாசி ராகம்தான், கம்பியை வளைத்து காந்தாரத்தைக் கொஞ்சம் ஏற்றினால் ப்ளூஸ் வாடை வந்துவிடும்.

உறுமி அண்ணன் சில அடிகளை மட்டும் மேடையில் வாசிக்கவே மாட்டார். "வேணாம்யா, யாருக்காவது அருள் வந்துரும், உங்க பாட்டு அங்கேயே நின்னுரும்" என்பார். பாட்டை அவருக்கேற்ப மாற்றினோம்.

முதல் வரி, அதே வரி மறுபடி, மூன்றாவதாகப் பதில் வரி என்பது ப்ளூஸ் வாய்ப்பாடு. தெம்மாங்கு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்கள் பாட்டு ஒன்று இப்படிப் போகும்:

வைகையில தண்ணி இல்ல, வாசல்ல கொடம் கெடக்கு
வைகையில தண்ணி இல்ல ஆத்தா, வாசல்ல கொடம் கெடக்கு
லாரிக்காரன் ஹாரன் சத்தம் சாமி வாக்கா கேக்குது

இதைத் தனி நிகழ்ச்சியாக வைத்திருந்தால் இருபது பேர் வந்திருப்பார்கள், அதில் பாதி எங்கள் சொந்தக்காரர்கள். கச்சேரியில் ராஜா பாட்டுக்கும் குத்துக்கும் நடுவே அறிவிக்காமல் செருகினோம். உசிலம்பட்டி பக்கம் ஓர் ஊரில் முன்வரிசை அம்மா ஒருவர், "அந்த லாரிப் பாட்ட இன்னொரு தரம் போடுங்கய்யா" என்று எழுந்தே விட்டார். அடுத்த நிமிடம் மைக்கில், 'லாரிப் பாட்டுக்கு அன்பளிப்பு ரூபாய் நூறு'. விழாக் கமிட்டிக்காரருக்கு மட்டும் முகம் சரியில்லை, கருப்பசாமி பாட்டு பாக்கி இருந்தது.

இதில் இழப்பும் உண்டு. சீசன் முழுக்க ஓடினால் பதிவு செய்யத் தெம்பு இருக்காது, சீசன் முடிந்தால் காசு இருக்காது. ஆல்பம் என்று ஒன்று கடைசி வரை வரவில்லை, யூடியூபில் சில பாட்டுகள் மட்டும் கிடக்கின்றன. 2020இல் சித்திரைத் திருவிழாவே ரத்தானது, மறு வருடமும் மக்கள் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே நடந்தது. இரண்டு சீசன் போனதில் ட்ரம்ஸ் செட் விற்றுப்போனது, லீடு கிட்டார் நண்பர் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நானும் பம்பை அண்ணனும் இப்போது வேறொரு குழுவில் இருக்கிறோம், லாரிப் பாட்டு கூடவே வருகிறது.

ஆகவே தம்பி, நல்ல ட்ரம்மரைத் தேடி அலைவதற்கு முன்னால் ஒரு நையாண்டி மேளக்காரரைப் பிடியுங்கள். உரிய சம்பளத்தை முதலிலேயே பேசிவிடுங்கள், 'ஃபோக் டச்சுக்கு' என்று ஓரத்தில் நிற்க வைக்காதீர்கள். கச்சேரி அட்வான்ஸில் ஒரு பங்கைப் பதிவுக்கு என்று அன்றைக்கே எடுத்து வையுங்கள், சீசன் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் பணம் இருக்காது.